கடித்தது எது? வீட்டில் கடிக்கும் சிறு பூச்சிகளை இனங்காணும் முறை

காலையில் எழும்போது கையிலோ கழுத்திலோ சிவந்த தடிப்புகள் காணப்பட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் பழி சுமப்பது கொசு. கொசுவலை கட்டிய பின்னும் தடிப்புகள் தொடர்ந்தால், அடுத்த ஐயம் மூட்டைப்பூச்சியின் மேல் விழுகிறது. மெத்தை வெயிலுக்குப் போகிறது. கடையில் வாங்கிய மருந்து கட்டிலுக்கு அடியில் தெளிக்கப்படுகிறது. இரண்டு மாதங்கள் கழிந்தும் அரிப்பு நிற்காமல், குடும்பத்தில் நால்வரும் சொறிந்துகொண்டு மருத்துவரிடம் வரும்போதுதான் அது சிரங்கு என்பது தெரியவருகிறது. அதுவரை தெளித்த நஞ்சு வீட்டில் உள்ள முதியவரின் மூச்சிலும் குழந்தையின் கையிலும் சேர்ந்ததேயன்றி, நோயைத் தொடவில்லை.

வீட்டில் கடிக்கும் உயிர்களுள் பல சிறியவை, பழுப்பு நிறத்தவை, இருளில் இயங்குபவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றை ஒழிக்கும் வழி ஒன்றன்று. மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலைக் கவனிக்க வேண்டும், தெள்ளுப்பூச்சிக்கு நாயையும் பூனையையும் கவனிக்க வேண்டும், தலைப்பேனுக்குத் தலைமுடியை, சீலைப்பேனுக்கு உடையை, சிரங்குக்கோ வீட்டில் உள்ள அனைவரின் தோலையும். பூச்சியை அறிவதில் தவறு நேர்ந்தால் மருந்தும் தவறிவிடும். ஆகவே தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கடித்த உயிரைத் தேடிக் கண்டு முடிவு செய்வதே முறை. அதற்கான எளிய அடையாளங்கள் கீழே தரப்படுகின்றன.

தடிப்பு உறுதியான சாட்சியன்று

இரத்தம் உறிஞ்சும் பூச்சி தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. இரத்தம் உறையாமல் ஓடுவதற்கு அந்த உமிழ்நீர் உதவுகிறது. அதிலுள்ள புரதங்களை நம் உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பதால் வீக்கமும் சிவப்பும் அரிப்பும் உண்டாகின்றன. தடிப்பின் அளவும் தன்மையும் கடித்த பூச்சியைக் காட்டிலும் கடிபட்டவரின் உடலையே பெரிதும் சார்ந்திருக்கும்.

ஒரே மெத்தையில் உறங்கும் இருவரை மூட்டைப்பூச்சி கடித்தால், ஒருவருக்குக் கைமுழுதும் தடிக்கலாம். மற்றவருக்கு ஓர் அடையாளமும் தோன்றாதிருக்கலாம். முதன்முறையாகக் கடிபடுபவருக்குச் சில நாள்கள் கழித்தே தடிப்பு எழுவதும் உண்டு. சிலருக்கு இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். எனவே நேற்றிரவு நம் வீட்டில் கடித்ததாக நாம் எண்ணுவது, சென்ற வாரம் பயணத்தின்போது தங்கிய அறையில் கடித்ததாகவும் இருக்கக்கூடும். மூன்று தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தால் அது மூட்டைப்பூச்சியே என்று பலர் கூறுவர். தெள்ளுப்பூச்சியும் அவ்வாறு வரிசையாகக் கடிக்கும்.

தடிப்பு தோன்றும் இடம் ஓரளவு வழிகாட்டும். கணுக்காலைச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழும் இருந்தால் தெள்ளுப்பூச்சியை நினைக்கலாம். உறங்கும்போது மூடாமல் இருக்கும் கை, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் இருந்தால் மூட்டைப்பூச்சியையோ கொசுவையோ நினைக்கலாம். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடங்கள் ஆகியவற்றில் அரிப்பு மிகுந்தால் சிரங்கை நினைக்க வேண்டும். உடையின் தையல் உடலில் படும் இடங்களில் இருந்தால் சீலைப்பேன் உண்டா என்று பார்க்க வேண்டும். இவை தேடலை எங்கே தொடங்குவது என்று காட்டும் குறிப்புகளே, முடிவுகள் அல்ல.

பார்க்க வேண்டிய மூன்று

ஒரு சிறு பூச்சி கையில் கிடைத்துவிட்டால், உருப்பெருக்கிக் கண்ணாடியோ கைப்பேசியின் ஒளிப்படக் கருவியோ போதும். மூன்று செய்திகளை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, கால்கள். ஆறு கால்கள் இருந்தால் அது பூச்சியினம்: மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளுப்பூச்சி, கொசு. எட்டுக் கால்கள் இருந்தால் அது சிலந்தியின் உறவினம்: உண்ணியும் அதனினும் சிறிய உண்ணி போன்ற நுண்ணுயிர்களும். ஒரு விலக்கு உண்டு: உண்ணியின் இளங்குஞ்சுக்கு ஆறு கால்களே இருக்கும். அவ்வேளையில் உணர்கொம்பைப் பாருங்கள். மூட்டைப்பூச்சிக்குத் தலையில் இரண்டு குறுகிய உணர்கொம்புகள் உண்டு. உண்ணிக்கு எந்தப் பருவத்திலும் உணர்கொம்பு இல்லை.

இரண்டாவது, உடல் எவ்வாறு தட்டையாக இருக்கிறது என்பது. மூட்டைப்பூச்சி மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையானது. மரச்சட்டத்தின் மெல்லிய பிளவுக்குள் நுழைவதற்கு ஏற்ற வடிவம் அது. தெள்ளுப்பூச்சி இரு பக்கங்களிலிருந்தும் அழுத்தியதுபோல் ஒடுங்கியது. விலங்கின் அடர்ந்த மயிரிடையே ஓடுவதற்கு ஏற்ற வடிவம் அது.

மூன்றாவது, நகரும் முறை. தாவினால் தெள்ளுப்பூச்சி. மூட்டைப்பூச்சியும் பேனும் உண்ணியும் தாவா, பறக்கவும் மாட்டா. தோலைக் கவ்வியபடி அசையாமல் இருந்தால் அது உண்ணி.

மூட்டைப்பூச்சியும் அதனைப் போன்றவையும்

நம் நாட்டின் வெப்பமான பகுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி. வளர்ந்தது 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்; ஏறத்தாழ ஒரு துவரம்பருப்பின் அளவு. செம்பழுப்பு நிறம், முட்டை வடிவம், சிறகு இல்லை. இரத்தம் குடித்த பின் உடல் நீண்டு உப்பிக் கருஞ்சிவப்பாகும். குஞ்சுகளோ வைக்கோல் நிறத்தில் கண்ணாடிபோல் இருக்கும். அவற்றுள் மிகச் சிறியது ஒன்றரை மில்லிமீட்டரே. ஐந்து இளம்பருவங்களில் ஒவ்வொன்றிலும் தோலுரிக்குமுன் அது ஒரு முறையேனும் இரத்தம் குடித்தாக வேண்டும்.

பூச்சி அகப்படாவிட்டாலும் அதன் தடயங்கள் அகப்படும். மெத்தையின் தையலோரம், கட்டில் சட்டங்கள் இணையும் சந்து, சுவரில் தொங்கும் படத்தின் பின்புறம், நாற்காலியின் பிரம்புப் பின்னல் ஆகியவற்றைக் கைவிளக்கின் ஒளியில் பாருங்கள். மையால் புள்ளி வைத்ததுபோன்ற கருமையான கறைகள், உரிந்த தோல்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிற முட்டைகள் ஆகியவை இருந்தால் ஐயமில்லை. ஈரத்துணியால் துடைத்தால் அக்கறை பரவும். செரித்த இரத்தமே அது.

மூட்டைப்பூச்சியென்று தவறாகக் கருதப்படுபவை சில. கரப்பான்பூச்சியின் குஞ்சு அவற்றுள் முதன்மையானது. அதன் உணர்கொம்புகள் மிக நீளமானவை. பின்புறத்தில் இரு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டதும் மிக விரைந்து ஓடும். பழைய நூல்களிலும் ஈரம் படிந்த சுவரிலும் வாழும் வெளிறிய புத்தகப்பேன், மூட்டைப்பூச்சிக் குஞ்சினைப் போல் தோன்றும். அது கடிப்பதில்லை, பூஞ்சணத்தை உண்டு வாழ்வது. சுவரின் ஈரம் போனால் அதுவும் போய்விடும். கம்பளித் துணிகளை அரிக்கும் சிறு வண்டு ஒன்று உருண்டையாக, புள்ளிகளுடன், கடினமான மேற்சிறகுகளோடு இருக்கும். அதுவும் கடிக்காது. எனினும் அதன் புழுவின் மேலுள்ள மயிர்கள் பட்டுச் சிலருக்குத் தோல் தடிப்பதுண்டு.

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஆயினும் உறக்கமின்மையும், சொறிந்த புண்ணில் சீழ் பிடிப்பதும் நோயாளிகளுக்குச் சிறு துன்பங்கள் அல்ல. உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும் இப்பூச்சியை, அறையைப் பூட்டி வைத்து ஒழிக்க இயலாது. பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. வெப்பமே நம்பத்தக்க வழி. துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். மரக்கட்டிலின் சந்துகளில் கொதிநீர் ஊற்றும் நம் பழைய வழக்கம் பயனுள்ளதே. மெத்தையை வெயிலில் இடுவது மட்டும் போதாது. வெளிப்புறம் சூடேறும்போது பூச்சி உட்புறத்திற்கு நகர்ந்துவிடும். பூச்சி மிகுந்துவிட்ட வீட்டில், பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை ஒருமுறைக்கு மேல் வரவழைக்க வேண்டியிருக்கும்.

தெள்ளும் உண்ணியும்

தெள்ளுப்பூச்சி எள்ளைவிடப் பெரிதன்று. 1 முதல் 3 மில்லிமீட்டர். கருஞ்சிவப்பு நிறமும் நீண்ட பின்னங்கால்களும் உடையது. வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது பூனைத்தெள்ளு. பெயர் அவ்வாறிருப்பினும் நாயின் மேலும் அதுவே வாழும். நாய் அல்லது பூனையின் மயிரைச் சீவும்போது உதிரும் கரும்பொடியை வெண்தாளில் இட்டு ஒரு துளி நீர் விடுங்கள். பொடி செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். அதன் முட்டைகள் விலங்கின் உடலிலிருந்து தரையில் உதிர்ந்து, பாய், கம்பளம், தரைப்பிளவு ஆகியவற்றில் வளர்வதால், விலங்கிற்கு மருத்துவம் செய்வதும் வீட்டைத் தூய்மை செய்வதும் ஒரே நேரத்தில் நடைபெற வேண்டும். நாய்க்குரிய தெள்ளு மருந்துகள் சில பூனையின் உயிரையே பறிக்கும்; கால்நடை மருத்துவரைக் கேட்காமல் பூசலாகாது.

எலித்தெள்ளு வேறு. கொள்ளைநோயை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளே என்பதை 1898ஆம் ஆண்டு கராச்சியில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் நிறுவினார். எலி இறந்ததும் அதன் உடல் குளிர்கிறது. தெள்ளுகள் வேறு உடலைத் தேடி வெளியேறுகின்றன. வீட்டிற்குள் செத்த எலியைக் கண்டால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நாய் உண்ணி இரத்தம் குடிக்குமுன் தட்டையாக, பழுப்பாக, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சுவரில் ஏறிப் பிளவுகளில் பதுங்கும் வழக்கமும் அதற்கு உண்டு. இதனாலேயே அதனை மூட்டைப்பூச்சியென்று கருதிவிடுகின்றனர். வயிறு நிறைந்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல் உப்பியிருக்கும். ஆமணக்கின் தாவரவியல் பெயரான ரிசினஸ் என்பது இலத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்லே, அவ்வளவு ஒற்றுமை.

மூட்டைப்பூச்சி சில நிமிடங்களில் குடித்துவிட்டு மறைவிடம் திரும்பும். உண்ணியோ தோலில் வாயைப் பதித்து நாள்கணக்கில் தங்கும். அதனை எடுக்க நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிய பகுதியைப் பற்றி, முறுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுதல், எண்ணெய் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றுதல், நகத்தால் நசுக்குதல் ஆகியவை கூடா. எடுத்தபின் அவ்விடத்தையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவி, நாளினைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் அக்குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

தலைப்பேனும் சீலைப்பேனும்

பார்வைக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். வாழுமிடமே வேறுபாட்டைக் காட்டும். தலைப்பேன் மயிரில் வாழ்ந்து மயிரிலேயே ஈர் வைக்கும். சீலைப்பேன் உடையின் தையல்களில் வாழ்ந்து துணியில் ஈர் வைக்கும். இரத்தம் குடிக்க மட்டுமே உடலுக்கு வரும்.

தலைப்பேன் தொல்லை தருமேயன்றி நோயைப் பரப்புவதில்லை. தூய்மையான தலையிலும் அது வரும். தலைகள் நெருங்குவதே காரணம். ஆதலால் பேன் கண்ட குழந்தையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. ஈரையும் பொடுகையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: விரலால் இழுத்தால் பொடுகு எளிதில் உதிரும், ஈர் மயிரோடு ஒட்டியிருக்கும், நகத்தால் உருவியே எடுக்க வேண்டும். ஈர் பொரிய 7 முதல் 10 நாள்கள் ஆவதால், பேன் மருந்தை ஒருமுறை பூசியதோடு நிறுத்திவிடாமல் மருத்துவர் கூறும் நாளில் மறுமுறை பூச வேண்டும். ஈரத்தலையைப் பேன்சீப்பால் பகுதி பகுதியாகச் சீவுவதும் அவசியம். தலையில் மண்ணெண்ணெய் பூசுவதும் கரப்பான் மருந்து தெளிப்பதும் உயிருக்கே தீங்காகலாம்.

சீலைப்பேன் அத்தகையதன்று. பெருந்தொற்றாகப் பரவும் டைபஸ் காய்ச்சலை அது கடத்தும். இதனை 1909ஆம் ஆண்டு துனிஸ் நகரில் கண்டறிந்தவர் சார்ல் நிக்கோல். டைபஸ் நோயாளிகள் மருத்துவமனை வாயில் வரையில் பிறருக்கு நோயைப் பரப்பினர். குளிப்பாட்டி, உடை மாற்றி, உள்ளே படுக்க வைத்தபின் பரப்பவில்லை. அவ்வாறாயின் நோயைக் கொண்டுவந்தது அவர்கள் களைந்துவிட்ட உடையில் இருந்திருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். குரங்குகளில் செய்த ஆய்வு அதனை உறுதிப்படுத்தியது. 1928இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நீண்டநாள் படுக்கையில் இருப்பவருக்கும், மாற்றுடையின்றி வாடுபவருக்கும் நாள்தோறும் உடை மாற்றுவதும், கொதிநீரில் துவைப்பதும், தையல்களின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை அழுத்தித் தேய்ப்பதும் சீலைப்பேனுக்குப் போதிய மருந்து.

கண்ணுக்குத் தெரியாதவை

சிரங்கை உண்டாக்கும் நுண்ணுயிர் அரை மில்லிமீட்டரை எட்டாது. தோலின் மேலடுக்கில் வளை தோண்டி அதனுள் முட்டையிடும். முதன்முறை தொற்றியவருக்கு 4 முதல் 6 வாரங்கள் கழித்தே அரிப்பு தொடங்கும். அதற்குள் அவர் அறியாமலே வீட்டில் உள்ளவர்களுக்குப் பரப்பியிருப்பார். இரவில் மிகும் அரிப்பு, வீட்டில் ஒருவருக்கு மேல் அரிப்பு, விரலிடுக்கில் மெல்லிய கோடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் பூச்சியைத் தேடி நேரம் போக்காமல் தோல் மருத்துவரிடம் வர வேண்டும்.

அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசுவதே இதற்குரிய மருத்துவத்தின் உயிர்நாடி. ஒருவர் விடுபட்டாலும் தொற்று மீண்டும் வட்டமிடும். மருத்துவம் வெற்றி பெற்ற பின்னும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லையென்று எண்ணி மீண்டும் மீண்டும் பூசினால் தோல் புண்ணாகும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் முதியோருக்கும் தோல் தடித்துச் செதில்செதிலாகும் கடுஞ்சிரங்கு வரலாம். அவர்களுக்கு அரிப்பு குறைவாகவே இருக்கலாம்; தொற்றும் ஆற்றலோ மிக அதிகம்.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாளரத்தின் மேலோ குளிர்சாதனப் பெட்டியின் பின்னோ புறா கட்டிய கூடு வெறுமையானால், அதில் வாழ்ந்த பறவை உண்ணிகள் அறைக்குள் நுழைந்து மனிதரைக் கடிக்கும். நகரும் தூசிபோல் தோன்றும் அவை இரத்தம் குடித்தபின் சிவக்கும். கூட்டை அகற்றினால் தொல்லை ஓயும்.

"உண்ணிக் காய்ச்சல்" என்னும் பெயர்

ஸ்கரப் டைபஸ் என்னும் நோய் தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று வழங்கப்படுகிறது. பெயரைக் கேட்டவர் நாயின் மேலுள்ள உண்ணியை எண்ணி, "எங்கள் வீட்டில் நாய் இல்லையே" என்பர். இதனைப் பரப்புவது நாய் உண்ணியன்று. புதர்களிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நுண்ணுண்ணியின் இளங்குஞ்சு அது. வீட்டை ஒட்டிய புதர், தோட்டம், வயல்வரப்பு ஆகிய இடங்களில் தோலில் ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியாது, அரிப்பும் இராது.

ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் தலைவலியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற, வலியற்ற கரும்பொருக்கு ஒன்று சிலருக்குத் தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ்ப்பகுதி, இடுப்பு என மறைவான இடங்களில் அது இருப்பதால், நோயாளியே அதனைக் காணாதிருக்கலாம். காய்ச்சலில் கிடப்பவரைக் குளிப்பாட்டித் துடைத்துவிடும் உறவினரே பெரும்பாலும் அதனை முதலில் காண்பவர். கண்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் கூறுங்கள். இந்நோய்க்கு எளிய மருந்து உண்டு. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படும்.

கொசுவிலும் வேறுபாடு

கொசு என்று ஒரே சொல்லால் குறித்தாலும், நம் வீடுகளில் வேறுபட்ட மூவகை உண்டு. கரிய உடலும் கால்களில் வெண்பட்டைகளும் உடையது ஏடிஸ், பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலைக்கு முன்னும் கடிக்கும், குடம், தொட்டி, பூச்சட்டித் தட்டு போன்றவற்றில் தேங்கிய நீரில் வளரும், டெங்குவைப் பரப்பும். சிறகுகளில் புள்ளிகளோடு, உடலைச் சாய்வாகத் தூக்கிச் சுவரில் அமர்வது அனாபிலஸ், இரவில் கடிக்கும், சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும். பழுப்பாக, சுவருக்கு இணையாக அமர்வது கியூலெக்ஸ்; சாக்கடை நீரில் வளர்ந்து இரவில் கடிக்கும்; யானைக்கால் நோயைப் பரப்பும்.

மலேரியாவின் வழியைத் தேடிய ரொனால்டு ராஸ், பழுப்பு, சாம்பல் நிறக் கொசுக்களை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அறுத்துப் பார்த்தும் ஒன்றும் காணவில்லை. புள்ளிச் சிறகுடைய வகையை ஆராய்ந்தபோதே, 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் சிக்கந்தராபாத்தில், அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இன்று நம் வீட்டிற்கும் அப்பாடம் பொருந்தும். பகலில் கடிக்கும் வெண்பட்டைக் கொசுவை ஒழிக்கச் சாக்கடையில் மருந்து தெளிப்பதால் பயனில்லை. வீட்டிலுள்ள நீர்க்கலங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கடிக்காமலே புண்ணாக்கும் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். மழைக்காலத்தை ஒட்டி விளக்கொளிக்கு வரும் ஒரு சிறுவண்டு, செம்மஞ்சளும் கருமையும் மாறிமாறி அமைந்த ஒல்லியான உடலுடன் எறும்பைப் போலவே தோன்றும். மேலே ஊரும்போது அதனை நசுக்கினால், அதன் நீர் பட்ட இடம் மறுநாள் தீப்பட்டதுபோல் எரிந்து கோடாகக் கொப்பளிக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளி, அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பூச்சியே இல்லாத அரிப்பு

எவ்வளவு தேடியும் பூச்சியோ தடயமோ அகப்படாவிட்டால், அரிப்பின் காரணம் உடலுக்குள் இருக்கலாம். நாட்பட்ட சிறுநீரக நோயிலும், பித்தநீர்த் தடையால் வரும் மஞ்சள் காமாலையிலும், தைராய்டு கோளாறிலும், புதிதாகத் தொடங்கிய மருந்தின் ஒவ்வாமையிலும் உடல் அரிக்கும். முதியோருக்குத் தோல் வறட்சியே போதிய காரணம். இத்தகையோர் வீட்டில் மீண்டும் மீண்டும் நஞ்சு தெளிப்பது இருமடங்கு தீங்கு: நோய் கண்டறியப்படாமல் நாள் கடக்கிறது, நலிந்த உடலில் நஞ்சும் சேர்கிறது.

பிடித்து வரும் முறை

அகப்பட்ட பூச்சியை நசுக்காதீர்கள். நசுங்கினால் அடையாளங்கள் அழியும். மூடியுள்ள சிறு புட்டியில் இட்டு, கை தூய்மை செய்யும் சாராயக் கரைசலைச் சில துளிகள் விட்டு மூடுங்கள். எங்கே, எந்த நேரத்தில் அகப்பட்டது, வீட்டில் எத்தனை பேருக்கு அரிப்பு உள்ளது, வளர்ப்பு விலங்கு உண்டா, அண்மையில் எங்கே தங்கினீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் கொண்டு வாருங்கள். பிடிக்க இயலாவிடில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி ஒளிப்படம் எடுத்தாலும் உதவும்.

மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது படுக்கையிலோ உறவினர் படுக்கும் பாயிலோ பூச்சியைக் கண்டால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். எவருடைய பையிலும் சக்கர நாற்காலியிலும் ஒட்டிக்கொண்டு வரக்கூடியவை இவை. தூய்மைக்குறைவின் அடையாளமாகக் கருதி வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த படுக்கைக்கும் பரவும். வீடு திரும்பியதும் பையைப் படுக்கையறைக்குக் கொண்டுசெல்லாமல், துணிகளை நேரே கொதிநீரில் இடுங்கள்.

மருந்து தெளிக்குமுன்

நோயாளி படுக்கும் மெத்தையிலும் தலையணையிலும் பூச்சிக்கொல்லி தெளிக்கலாகாது. உயிர்வளி பொருத்தப்பட்டவர் இருக்கும் அறையில் மண்ணெண்ணெய், தெளிப்பான்கள், புகைச்சுருள் ஆகியவை தீ விபத்துக்கு வழிவகுக்கும். தானியக் கிடங்குகளில் பயன்படும் புகை மாத்திரைகளை மூட்டைப்பூச்சிக்காக வீட்டில் வைப்பது பேராபத்து. ஈரக்காற்று பட்டு அவை வெளிவிடும் வாயு, சுவர்ப்பிளவு வழியே அடுத்த வீட்டில் உறங்குவோரையும் கொல்லும்; அதற்கு மாற்று மருந்து இல்லை.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

கடிபட்டபின் உதடோ நாவோ வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை கண்டால் காலந்தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழையுங்கள். கடிபட்ட மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், உடலில் எங்கேனும் கரும்பொருக்கு, தடிப்பைச் சுற்றிப் பரவும் சிவப்பும் சீழும் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். நீரிழிவு உடையோர், புற்றுநோய் மருத்துவமோ உறுப்பு மாற்றமோ பெற்றோர், கருவுற்றோர், கைக்குழந்தைகள் ஆகியோருக்குச் சிறு கடியும் பெரும்புண்ணாகலாம். அவர்களுக்குக் கடைமருந்து வாங்கிப் பூசுமுன், புட்டியில் பிடித்த பூச்சியுடன் மருத்துவரிடம் வந்து காட்டுங்கள்.